பாத்துப் போடுறவன்

மார்ச் 4, செவ்வாய்க்கிழமை

தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். கையெழுத்தப் பாத்ததுமே உனக்குத் தெரிஞ்சிருக்கும். கிழிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு வரியாவது படி. மூணு தடவ போன் போட்டேன், நீ எடுக்கல. எடுக்காததும் நல்லதுக்குத்தான். போன்ல உன் குரல் கேட்டா நான் கத்திருவேன். காகிதத்துல கத்துனா சத்தம் வராது.

இந்தக் காகிதம் வாங்கப் போன கதையக் கேளு. கடைக்காரர், "எதுக்கும்மா, மனு எழுதவா?"ன்னாரு. "ஆமா, என் தம்பி மேல"ன்னேன். அந்த மனுஷன் நெசமுன்னு நம்பி, கோடு போட்ட தடிமனான தாளா எடுத்துக் குடுத்து, "மேல தேதி போட மறந்துறாதீங்க"ன்னு வேற சொன்னாரு. அதான் இந்தத் தடவ தேதி போட்டிருக்கேன். இல்லன்னா நான் எப்ப தேதி போட்டேன்?

சரி, வந்த விசயத்துக்கு வர்றேன். கதவு ஏத்துன அன்னிக்கு நடந்தத என் பக்கத்துல இருந்து சொல்லிடறேன். விடுதிக்கார அம்மா பட்டறைக்கு வந்தாங்க. கண் பார்வை இல்லாதவங்க தங்கி நாற்காலி பின்னுற எடம், ஏழு அறை ஒரு வாசல், ஆக எட்டுக் கதவு. எட்டும் நான் செஞ்சு நிறுத்தியிருந்தேன். ஒவ்வொரு கதவுலயும், கையால தடவுனா இது எந்த அறைன்னு தெரியிற மாதிரி ஒரு படம் நீ சூட்டுப் பேனாவால மரத்துல சுட்டுக் குடுக்கணும். அவங்க, "உங்க தம்பிக்கு இந்த மாதிரி வேலை வருமா?"ன்னு கேட்டாங்க. நான் சொன்னேன், "அவன் பாத்துப் போடுறவன்மா. ஒரு படத்தக் கையில குடுங்க, அச்சு அசலா எறக்கிருவான்."

இவ்வளவுதான் சொன்னேன். நீ சூட்டுப் பேனாவ வெடுக்குன்னு கரண்டுல இருந்து பிடுங்குன. பையில போட்ட. எட்டுக் கதவும் லாரியில ஏறுச்சு, பின்னாடியே நீயும் ஏறிட்ட. கதவுக்காவது சாக்கு சுத்தி அனுப்புனேன். நீ ஒரு துண்டு கூட எடுக்காமப் போன.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேட்டா, அதுக்கு முந்தின நாள் உப்புத்தாள் தேடி உன் அலமாரியத் தொறந்தேன். உள்ள கார்பன் தாளு, கட்டுக் கட்டா. ஒவ்வொண்ணுலயும் நீ சுட்ட படத்தோட கோடு. மானு, கொடி, படகு, எல்லாம். எங்கேயோ அச்சடிச்ச படத்துக்கு அடியில வெச்சு எடுத்தது. நான் பத்து வருசமா தெருவெல்லாம், "என் தம்பி மண்டைக்குள்ள இருந்து எடுத்துப் போடுறான்"னு தம்பட்டம் அடிச்சிட்டுத் திரியிறேன். பக்கத்துக் கடை டெய்லர் கிட்ட மட்டும் நூறு தடவ சொல்லியிருப்பேன். என் முகத்த எங்க கொண்டு வெக்கிறது?

உங்க மாமா, "சின்னப் பையனாடா அவன், நாப்பது வயசாச்சு, தானா வருவான்"னு சொல்றாரு. "யாரு டா, நானா டா?"ன்னு நான் கேட்டேன். அந்த ஆளுக்குப் பேச்சு எப்பவும் அப்படித்தான்.

பதில் போடு. போடலன்னா இன்னொண்ணு எழுதுவேன். தாள் நிறைய வாங்கிட்டேன்.

அக்கா


மார்ச் 10

அக்கா,

கதவுகள் பழுதில்லாமல் வந்து சேர்ந்தன. எட்டையும் மாட்டியாயிற்று. ஏழு கதவுகள் நன்றாக மூடுகின்றன. எட்டாவதான வாசல் கதவு கீழே ஒரு நூல் அளவு அதிகம். தரையில் உரசிக் கத்துகிறது. உன் அளவு தவறியது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

முதலில் சமையலறைக் கதவை எடுத்துக்கொண்டேன். வாய் அகன்ற பானை, மேலே ஆவி, அடியில் நெருப்பு. நிழல் விழும் பக்கத்தை மெல்ல மெல்லப் பழுப்பாக்கி நான்கு நாள் சுட்டேன். நான் சுட்டதிலேயே நல்ல படம் அதுதான். இங்கே இருக்கும் பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து தடவிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் அது பானை என்று தெரியவில்லை. நாற்காலி பின்னும் பெரியவர் ஒருவர், "ஈரத் துணி காயப் போட்டிருக்கா?" என்று கேட்டார்.

இந்த மாதக் கடைசி வரை பார்ப்பதாக, அன்று பட்டறைக்கு வந்த மேலாளர் அம்மா சொல்லியிருக்கிறார். அதற்குள் சரிவரவில்லை என்றால் பிரெய்ல் புள்ளி எழுத்து வைத்த தகரத் தகடுகளைக் கதவில் ஆணியடித்துவிடுவார்கள். தகரம் அறைந்துவிட்டார்கள் என்றால் நான் இந்தப் பேனாவை மறுபடி தொட மாட்டேன். பட்டறைக்கும் வர மாட்டேன்.

நீ சொன்னது சரிதான். நான் பார்த்துப் போடுகிறவன். இங்கே பார்த்துப் போடுவதற்கு ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கு ஒரு படமும் வரவில்லை. அச்சடித்த படங்கள்தான் வருகின்றன.

தம்பி


மார்ச் 14, வெள்ளி

டேய்,

ஒரு நூலா! என் கதவா! நீ எந்த டேப்ப வெச்சு அளந்த? உன் தரை மேடா இருக்கும். கொத்தனார் பூசும்போது பேசிக்கிட்டே பூசியிருப்பாரு. போன வருசம் ஒருத்தர் வீட்டுக்கு சன்னல் செஞ்சுட்டுப் போனா, சுவரு வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது. "சன்னல் கோணல்"னு என்னையச் சொன்னாங்க. நான் பேசாம தூக்குக் குண்டக் கட்டித் தொங்க விட்டேன். வீட்டுக்காரர் குண்டப் பாத்தாரு, சுவரப் பாத்தாரு, தன் வயித்தையும் ஒரு தடவ பாத்துக்கிட்டாரு. நான் சிரிக்கவே இல்ல.

அப்படியே ஒரு நூல் கூடவே இருந்தாலும் நீ கைய வெக்காத. நானே இழைப்புளியோட வந்து இழைச்சுத் தர்றேன். நீ கூப்பிடு, வர்றேன்.

நீ "அக்கா"ன்னு ஒரு வார்த்த எழுதியிருந்த பாரு, அத உங்க மாமா கிட்ட காமிச்சேன். அவரு கண்ணாடியத் தேடுனாரு. நெத்தியில ஏத்தி விட்டுட்டு வீடு பூராத் தேடுனாரு. சாவிக்கொத்தும் இப்படித்தான். ஆனா ஒண்ணு, என் மடியில கையவிட்டு அந்த வளையத்த விரல்ல மாட்டுனார்னா, பாக்காமலே வாசல் சாவி இது, பட்டறை சாவி இதுன்னு பிரிச்சு எடுத்துருவாரு. கண்ணுக்குத் தெரியாதது அவரு கட்ட விரலுக்குத் தெரியுது.

அதச் சொன்னதும் டெய்லர் ஞாபகம் வருது. அவரு பொத்தான் டப்பாவுக்குள்ள கையவிட்டா, வாடிக்கைக்காரங்க கிட்ட வாயாடிக்கிட்டே, ரெண்டு ஓட்டை வேற நாலு ஓட்டை வேறன்னு தனியா எடுத்து வெப்பாரு. நான் மட்டும் என்ன? பலகைய இழைச்சு முடிச்சா கண்ணால பாக்க மாட்டேன். கன்னத்த வெச்சுப் பாப்பேன். கன்னம் பொய் சொல்லாது. நம்ம சமையக்கட்டு உள்ரூம்ல சன்னலே கெடையாதே, கரண்டு போனா பட்டப்பகல்லயும் இருட்டு. அப்பவும் என் கை நேரா கரண்டிக்குப் போகும். காம்பு நுனியில ஆணியில மாட்டுற ஓட்டை இருக்கும்ல, ஆள்காட்டி விரல் அதுல போய் உக்காந்ததும் தெரிஞ்சுரும், இது என் கரண்டி. ஓட்டையச் சுத்தி தேஞ்சு வழவழன்னு இருக்கும். அது போன தீபாவ... இல்ல, அது வேற கரண்டி, அத விடு.

என்னமோ எழுத வந்து என்னமோ எழுதிட்டேன். படத்தப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா பானை நல்லாத்தான் இருந்திருக்கும். ஈரத் துணின்னு சொன்ன அந்த ஆளு பேரு என்ன? நான் வந்தா அவர ரெண்டு கேள்வி கேக்கணும்.

சாப்பிடுறியா? சுடும்போது மூக்குல துணி கட்டு. பொகை நெஞ்சுக்கு ஆகாது.

அக்கா


மார்ச் 21

அக்கா,

நீ கேட்டவரை நாங்கள் எல்லோரும் நாற்காலிக்காரர் என்றுதான் கூப்பிடுகிறோம். பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. அறுபது வயது. வாய் மட்டும் இருபது.

போன சனிக்கிழமை நான் திண்டாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் பக்கத்தில் வந்து பிரம்பை ஊறவைத்தபடியே கேட்டார்.

"தம்பி, அந்தப் பானைய எவ்வளவு தூரத்துல இருந்து பாத்து வரைஞ்சீங்க?"

"ஒரு பத்தடி தூரம்னு வெச்சுக்கங்க."

"நான் பத்தடி தூரத்துல இருந்து எந்தப் பானையையும் தொட்டது இல்லையே."

அவர் அதோடு விடவில்லை. "அதுல ஆவி வேற போவுதுன்னீங்க. ஆவின்னா சுடும். இது சுடல. நீங்க வரைஞ்சது பானைய இல்ல தம்பி, பானைய பாக்குறத வரைஞ்சிருக்கீங்க" என்றார்.

அன்று காலைதான் உன் கடிதம் வந்திருந்தது. மேசை மேல் வைத்திருந்தேன். காற்றில் பறந்து அவர் காலடியில் விழுந்தது. எடுத்தவர் தரவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். நீ அழுத்துகிற அழுத்தில் ஒவ்வொரு எழுத்தும் பின்னால் புடைத்துக்கொண்டு நிற்கிறது.

"யாரு எழுதுனது?"

"எங்க அக்கா. கோவக்காரி."

"கோவமா?" இன்னொரு தடவை தடவினார். "கோவத்துல அழுத்துனா அங்கங்கதான் அழுந்தும். இது எல்லா எடத்துலயும் ஒரே அழுத்து. தப்பாப் போயிருமோன்னு பயந்து எழுதுற கை இது."

நாற்பது வருடமாக உன்னைப் பார்க்கிறேன். நீ எதற்காவது பயந்து நான் பார்த்ததில்லை. அவர் சொன்னது உண்மையா? ஏன் அவ்வளவு அழுத்துகிறாய்?

அவர் போன பிறகு நானும் கண்ணை மூடிக்கொண்டு உன் கடிதத்தின் பின்பக்கத்தைத் தடவினேன். ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் விரல் அந்த வரியை விட்டு நகரவில்லை, தண்டவாளத்தில் போவது போலப் போனது. இத்தனை வருடமாக நான் பேனாவை மரத்தின் மேல் ஓட்டிக்கொண்டிருந்தேன். நிறத்துக்காகத்தான் சுட்டேன். கழிவுக் கட்டை ஒன்றை எடுத்து, பேனா முனையை நன்றாகச் சுரண்டிவிட்டு, எறும்பு ஊர்வதைப்போல இழுத்தேன். மரம் உள்ளே இறங்கியது. அதே கோட்டில் மூன்று தடவை போனேன். நகம் போய் உட்காரும் பள்ளம் விழுந்தது.

உன் சமையலறைக் கதவின் பானையை இரண்டு நாள் தேய்த்து அழித்தேன். அந்த இடத்தில் ஒரு கரண்டிக் காம்பு மட்டும் சுட்டேன். ஒரு சாண் நீளம், அசல் அளவு, நுனியில் ஓட்டை. அவ்வளவுதான். நாற்காலிக்காரரைக் கூப்பிட்டேன். கை மேலிருந்து இறங்கி வந்தது, ஓட்டையில் விரல் போய் உட்கார்ந்தது. உடனே உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "சாப்பாடு ரெடியா?"

இன்னும் ஆறு அறைகள் இருக்கின்றன. பத்து நாள் இருக்கிறது.

தம்பி


மார்ச் 26, புதன்கிழமை

தம்பி,

உன் கடுதாசிய மூணு தடவ படிச்சேன். ரெண்டாவது தடவ படிக்கும்போது டெய்லர் வந்து, "என்னம்மா, கண்ணு கலங்குது?"ன்னாரு. மரத்தூள்னு சொன்னேன். அன்னிக்கு பட்டறைய தொறக்கவே இல்ல, மரத்தூளு எங்க இருந்து வரும்? அவரும் கேக்கல. நல்ல மனுசன். அவரு தச்ச சட்டை மட்டும்தான் சரியா இருக்காது.

ஏன் அழுத்துறேன்னு கேட்டிருந்த. சொல்றேன். முதல்ல தண்ணி குடிச்சிட்டு வர்றேன்.

வந்துட்டேன். நம்ம தபால்காரரு புது சைக்கிள் வாங்கியிருக்காரு, பெல்லு சத்தம் நல்லா இருக்கு. சரி, சொல்லிடறேன்.

எனக்கு யாரும் எழுத்து சொல்லிக் குடுக்கல, அது உனக்கே தெரியும். என்னைய பலகை தூக்க விட்டாங்க, உன்னைய பள்ளிக்கூடம் விட்டாங்க. அதுக்கு உன் மேல எனக்கு வருத்தம் எதுவும் இல்ல, பலகை எனக்குப் பிடிச்சுது. கல்யாணம் ஆகி, பட்டறை போட்ட புதுசுல, ஆணி பொட்டலம் கட்ட உன் பழைய நோட்டெல்லாம் வந்துச்சு. நீ ஏழாவது படிச்சப்ப எழுதுனது. ஒரு நோட்ட மட்டும் நான் கிழிக்கல. உங்க மாமா வெளிய போனதும் கதவச் சாத்திக்கிட்டு, வெள்ளத் தாளு, அதுக்கு மேல கார்பன் தாளு, அதுக்கும் மேல உன் நோட்டு. உன் எழுத்து மேலயே ஆணி முனையால போட்டுப் போட்டுப் பழகுனேன். ரெண்டு வருசம். நோட்டுத் தாளு, கார்பனு, எல்லாத்தையும் தாண்டி அடியில விழணும்ல, அதான் அழுத்து. பேனா எடுத்தப்பறமும் கை அந்தப் பழக்கத்த விடல. பயமும் இருந்துச்சு. உங்க நாற்காலிக்காரரு கிட்ட சொல்லு, நூத்துக்கு நூறு.

உன் "ழ" எடுத்துப் பாரு, வாலு நீளமா போயி கொக்கி போடும். என் "ழ"வையும் பாரு. எனக்குன்னு கையெழுத்து ஒண்ணு கெடையாதுடா. இது உன்னோடது.

இப்பத் தெரியுதா? அன்னிக்கு உன் அலமாரியில அந்தத் தாளப் பாத்ததும் எனக்கு வந்த கோவம் உன் மேல வந்தது இல்ல. நான் ஒளிச்சு வெச்சத யாரோ எடுத்து அடுக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு. அத உன் தலையில இறக்கிட்டேன். அதுவும் அந்த அம்மா முன்னாடி.

உன் நோட்டு மொத்தமும் எனக்கு மனப்பாடம். வாக்கியம், கணக்கு, "இந்த நோட்டைத் தொடாதே", எல்லாம் இருக்கு. ஆனா மன்னிப்புங்கிற வார்த்த அதுல எங்கயும் இல்ல. அதனால எழுதிப் பழகல. இப்பத்தான் மொதல் தடவ எழுதிப் பாக்குறேன்.

மன்னிப்பு.

சரியா இருக்கா? மூணு சுழியா ரெண்டு சுழியான்னு டெய்லர் கிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

சரியாக இருக்கிறது. ஒரு பிழையும் இல்லை.

நேற்று முன்தினம் சோதனை நடந்தது. மேலாளர் அம்மா ஒரு கையில் தகரத் தகடுகளை வைத்துக்கொண்டுதான் வந்தார். பன்னிரண்டு பேரையும் இடம் மாற்றி மாற்றி நிறுத்தி, தலை சுற்ற ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, ஒவ்வொரு கதவாகக் கூட்டிப்போனார்.

குளியலறையில் குழாய்த் திருகியின் நாலு காது. பின்னல் அறையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கும் பிரம்பு. சாமான் அறையில் சாக்கு வாயின் முடிச்சு. பெண்கள் அறைக் கதவில் சீப்பின் பற்கள். அங்கே ஓர் அம்மா தடவிவிட்டு, தலையைக் கொண்டுபோய்க் கதவில் வைத்து வாருவதைப்போல இழுத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தார். ஆண்கள் அறையில் நாலு ஓட்டைப் பொத்தான், அலுவலகத்தில் சாவி வளையம். பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடத் தவறாகச் சொல்லவில்லை. நாற்காலிக்காரர் மட்டும் பொத்தானைத் தொட்டு, "நாலு ஓட்டையில ஒண்ணு கொஞ்சம் கோணலு" என்றார். உண்மைதான்.

மேலாளர் அம்மா தகரத் தகடுகளைப் பழைய உறைக்குள் போட்டார்.

கரண்டி, பொத்தான், சாவி வளையம் மூன்றும் உன் கடிதத்தில் இருந்து எடுத்தவை. மேசை மேல் விரித்து வைத்துக்கொண்டு, வரி வரியாக வாசித்துச் சுட்டேன். பார்த்துத்தான் போட்டேன்.

கார்பன் தாளைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் படம் மட்டும்தான் என் மனத்திலிருந்து வந்தது. நீ அதைத் தெருவெல்லாம் சொல்லிக் கொண்டாடினாய். அடுத்தது அவ்வளவு நன்றாக வராதோ என்று பயந்து தாளை எடுத்தேன். அப்புறம் விட முடியவில்லை. நம் இரண்டு பேருக்கும் ஒரே பயம், ஒரே தாள்.

கடைசியாக வாசல் கதவு. அதற்கு என்ன சுடுவது என்று மூன்று நாள் யோசித்தேன். செருப்பு, படி, மணி, எதுவும் பொருந்தவில்லை. நாற்காலிக்காரரிடம் கேட்டேன். அவர் கதவை ஒரு தடவை திறந்து மூடிக் காட்டினார். தரையில் உரசி அது எப்போதும்போலக் கத்தியது.

"இதுக்கு எதுக்குத் தம்பி படம்? தெருவுல எந்தக் கதவு இப்படிக் கூப்பிடுது? நாங்க இந்தச் சத்தத்த வெச்சுத்தான் வீடு வந்துருச்சுன்னு திரும்புறோம். யாரும் இதுல கைய வெக்கக் கூடாது."

ஆகவே நீ இழைப்புளியோடு வர வேண்டாம். அந்த ஒரு நூலை எல்லோரும் கட்டிக் காக்கிறார்கள். எட்டாவது கதவில் நான் ஒன்றும் சுடவில்லை. அது முழுக்க உன் வேலை.

தம்பி


ஏப்ரல் 8, செவ்வாய்

தம்பி,

டெய்லர் கடையில ஒக்காந்து உன் கடுதாசிய சத்தமாப் படிச்சேன். அவரு வாயில ஊசி வெச்சிருந்தாரு, சிரிக்கவும் முடியல, சிரிக்காம இருக்கவும் முடியல. உங்க மாமா நெத்தியில இருந்த கண்ணாடிய தானே எறக்கிப் போட்டுக்கிட்டு ரெண்டாவது தடவ படிச்சாரு.

ஒரு நூலு கூடன்னு நான் இன்னமும் ஒத்துக்கல. தரைதான் மேடு. ஆனா அவங்களுக்குப் பிடிச்சிருந்தா என் பேருலயே இருக்கட்டும்.

இந்தக் கடுதாசியில ஒரு விசயம் செஞ்சு பாத்தேன், கவனிச்சியா? "ழ"வுக்கெல்லாம் வால வெட்டிட்டேன். எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டுமேன்னு. எழுதிட்டுத் தள்ளி வெச்சுப் பாத்தா, மொட்டை அடிச்ச மாதிரி இருக்கு. நல்லாவே இல்ல. அடுத்த கடுதாசியில ஒட்ட வெச்சுக்கிறேன். அது உன்னோடதா இருந்தா என்ன, இருபது வருசமா என் கையிலதான வளந்துச்சு.

இழைக்கவும் வர வேண்டாம்னுட்ட. அப்ப நான் எந்தச் சாக்கச் சொல்லி வர்றது? ஊருக்கெல்லாம் கதவு செஞ்சிருக்கேன், நம்ம பட்டறைக் கதவு வெறும் பலகையா கெடக்கு. அதுல ஒண்ணு சுடணும். என்ன சுடணும்னு நான் சொல்ல மாட்டேன். கார்பன் வெச்சு எடுத்தாலும் சரி, நீயா யோசிச்சுப் போட்டாலும் சரி. நான் வாயத் தொறக்க மாட்டேன். டெய்லர் கிட்ட மட்டும் சொல்லிக்குவேன்.

லாரியில ஏறாத. பஸ்ல வா. பேனா முனைய நல்லா ஆற விட்டுப் பையில வை. போன தடவ அவசரத்துல சூட்டோட போட்டிருப்ப, பை ஓட்டையாயிருக்கும், நான் தச்சு வாங்கித் தர்றேன்.

பாத்து வா.

அக்கா